வலக்கையைக் கழுவ ஒரு கை

சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் அப்பா வேலை பார்த்த இரும்புச் சாமான் கடையில் ஒரு நாள் காலை ஒரு பெட்டி திருகாணி கீழே கொட்டியது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பெட்டிகள் கொட்டியிருக்கும். அப்பா குனிந்து பொறுக்கியிருக்கிறார். ஆனால் வலது கையால் மட்டும். இடது கை பக்கவாட்டில் சும்மா தொங்கியது.

அதைக் கவனித்தவர் கடை முதலாளி. "இன்னொரு கை என்ன, இன்னைக்கு லீவா?" என்று மலாயில் கேலி செய்திருக்கிறார். அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. முதலாளி கேலியை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். "கொஞ்ச நேரம் சாஞ்சு எந்திரிச்சா சரியாயிரும்லா" என்று அப்பா குழறியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இதைப் படிக்கும் நீங்களும் அவரைப் போலவே செய்யுங்கள். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் யாரையும் சாய்ந்து படுக்க விடாதீர்கள்.

அப்பாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. வந்தது இஸ்கீமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு வரும் பக்கவாதம்). மருத்துவர் திரையில் ஒரு சாம்பல் படத்தைக் காட்டி, வலப்பக்க மூளையில் அடைப்பு, அதனால் உடம்பின் இடப்பக்கம் தளர்ந்திருக்கிறது என்றார். கால் சீக்கிரம் தேறும். கை தாமதமாகும். எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது.

நான் அதை அப்படியே அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "எந்தக் கைடா?" என்றார்.

"இடது கைப்பா."

"பீச்சாங்கைதானே? போவுது விடு."

வார்டுக்கு வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஆங் மோ கியோவிலிருந்து ஓடி வந்த என் கூடப்பிறந்த கலா அக்கா, அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "நல்லவேளை தம்பி, சோத்தாங்கை தப்பிச்சிருச்சு" என்றாள். எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அப்பாவோடு கோயிலுக்குப் போகிறவர்கள் சொன்னார்கள். நம்மவர்களுக்கு வலது கைதான் கை. சாப்பிட, கொடுக்க, வாங்க, விபூதி எடுக்க எல்லாம் அதுதான். இடது கை ஏதோ கூட ஒட்டிக்கொண்டிருப்பது. நானும் அப்படித்தான் நினைத்தேன். படித்தவன்தானே, ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

செங்காங்கில் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான். அம்மா இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரத்தில் அப்பா கைத்தடியோடு வீடு திரும்பினார். நடை வந்துவிட்டது. இடது கை மட்டும் மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தது. ஸ்பாஸ்டிசிட்டி (மூளையின் கட்டளை சரியாகப் போகாததால் தசை தானாக இறுகிக்கொள்வது) என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தார்.

அதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள, அவர் முன்பு எப்படிச் சாப்பிட்டார் என்று தெரிய வேண்டும். கரண்டியால் பிரியாணி சாப்பிட்டதற்காக என்னை ஒரு கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும், "என்னடா, சோத்தைத் தொட பயமா? கடிச்சிருமா?" என்று கேட்ட மனிதர் அவர். நோய் வந்த பிறகு சிலர் ஆளே மாறிப்போவார்கள் என்று நான் எங்கோ படித்திருந்தேன். அதனால் கேட்கவில்லை. அவர் சாப்பிடும் அளவும் குறைந்தது. காலையில் ஒரு காப்பி, இரண்டு பிஸ்கட். மாலையில் அரைக் கிண்ணம் சோறு. முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

மறுபரிசோதனையில் மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டு, விழுங்கச் சிரமமா என்று கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டினார். பிறகு மருத்துவர் அப்பாவின் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். அது நல்ல கை. ஆனால் தோல் வறண்டு, விரல் மூட்டுகளில் வெடித்து, ஓர் இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. "என்ன சோப்பு போடுகிறீர்கள்?" என்றார். நான் சோப்பின் பெயரைச் சொன்னேன். அவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். கேள்வி அப்பாவுக்கு, பதில் என்னுடையது. அது எங்களுக்குப் பழகிப் போயிருந்தது.

காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முழுதாகப் பள்ளிக்கூடம் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்பா மலேசியாவில் ஜொகூர் தோட்டத்தில் இரண்டு வருஷம் சிலேட்டு பிடித்தவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. அக்கா உயர்நிலை இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். தொடக்கநிலை நான்காம் வகுப்பிலிருந்தே, வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் படிப்பேன், விண்ணப்பப் பாரமெல்லாம் நான்தான் நிரப்புவேன். அப்பாவின் பிறந்த தேதி, அப்பாவின் வேலை, அப்பாவின் விருப்பம் எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். அவர் கீழே ஒரு கோடு இழுப்பார்.

மறுபரிசோதனை நடந்த வாரமே, தளர்ந்த கையைப் பழக்கும் ரோபோ சிகிச்சைக்கு இடம் கிடைத்தது. அங்கேயும் ஒரு பாரம் இருந்தது. சிகிச்சையாளர் ஹுவி மின் என்ற பெண், என் வயதுதான் இருக்கும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடக் காரியங்களை மறுபடியும் செய்யப் பழக்குகிறவர்). பாரத்தில் ஒரு கேள்வி: இந்தக் கையால் நீங்கள் மீண்டும் செய்ய விரும்பும் காரியம் எது?

நான் மொழிபெயர்த்தேன். அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நீயே எழுது தம்பி. ஒனக்குத் தெரியாததா."

நான் எழுதினேன். பெட்டி தூக்குவது, சட்டைப் பொத்தான் போடுவது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பது. என் ஆங்கிலம் நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ரோபோ என்றதும் நான் ஏதோ பெரிதாகக் கற்பனை செய்திருந்தேன். அது ஒரு தையல் இயந்திரத்தின் அளவுதான். முன்கையை ஒரு தொட்டில் போன்ற தாங்கியில் வைத்துப் பட்டை கட்டுகிறார்கள். ஒவ்வொரு விரலையும் ஒரு சிறு கொக்கியில் மாட்டுகிறார்கள். முன்கைத் தோலில் இரண்டு ஒட்டு வில்லைகள். தசையில் ஓடும் மிக மெல்லிய மின்சாரத்தை அவை பிடிக்கும். "திற" என்று அப்பா மனதுக்குள் முயன்றால், விரல் அசையாவிட்டாலும் திரையில் ஒரு கோடு எழும். கோடு ஒரு அளவைத் தாண்டினால் இயந்திரம் விரல்களை விரித்துக் கொடுக்கும். தாண்டாவிட்டால் எதுவும் செய்யாது. காத்திருக்கும். விளையாட்டு போலத் திரையில் கோழி முட்டைகள் வரும். கையைத் திறந்து, மூடி, கூடையில் போட வேண்டும்.

ஹுவி மின் இரண்டு தமிழ்ச் சொற்களைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். "தெற, அங்கிள். தெற, தெற, தெற... மூடு!" அப்பா அவரை மின்னம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆனால் மனம் அதில் இல்லை. "ஜொகூர்ல நெசக் கோழிக்கே நான் முட்டை பொறுக்கல. இங்க வந்து படத்துக்குப் பொறுக்குறேன்" என்பார். ஏழாவது அமர்வில் கோடு முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தது.

பன்னிரண்டாவது அமர்வில் மறுபரிசீலனை என்று ஹுவி மின் என்னிடம் தனியாகச் சொன்னார். முன்னேற்றம் தெரியாவிட்டால் இந்த இடம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போகும். "அவர் கை முடியாது என்று சொல்லவில்லை. அவர் இன்னும் அந்தக் கையிடம் கேட்கவே இல்லை" என்றார். நான் வீட்டுக்கு வந்து அப்பாவைத் திட்டினேன். ஒத்துழைக்காத நோயாளி என்று மேடைத் தமிழில் ஏதோ பேசினேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் முதல் திதி.

அக்கா காலையிலேயே வந்து சமைத்தாள். அம்மா படத்தின் முன்னால் இலை போட்டோம். படையலில் முதல் கைச் சோற்றை அப்பா வைக்க வேண்டும். அம்மா காரியத்தன்றும் அவர்தான் வைத்தார். அக்கா சோற்றுப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீ வைடா" என்றார் என்னிடம்.

"நீங்க வைங்கப்பா."

"நான் வைக்கல."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னப்பா இது? சோத்தாங்கை நல்லாத்தானே இருக்கு? அம்மாவுக்கு ஒரு கை சோறு வைக்க என்ன வலி?"

"வலியெல்லாம் இல்ல புள்ள."

"அப்புறம்?"

அப்பா வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஐம்பத்தொன்பது வயது மனிதர், திருடி அகப்பட்டவர் போல.

"இந்தக் கையால எப்படி வைக்கிறது? எல்லாத்தையும் இதாலதானே கழுவுறேன்."

 அக்காதான் முதலில் புரிந்துகொண்டாள். தலையைக் குனிந்து பாத்திரத்தை மூடினாள். எனக்கு இன்னும் கொஞ்சம் நேரமானது.

நம் வீடுகளில் கழிவறையில் ஒரு கை ரப்பர் குழாயைப் பிடிக்கும், இடது கை கழுவும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த நினைவு இருக்காது. இடது கை போனால் அந்த வேலை வலது கைக்கு வரும். வந்த பிறகு அந்த வலது கையை எது கழுவும்? ஒரு கை தன்னைத்தானே கழுவிக்கொள்ள முடியாது. நீங்கள் முயன்று பாருங்கள். சோப்பு நழுவும், உள்ளங்கையில் நுரை வரும், புறங்கையும் விரலிடுக்கும் அப்படியே இருக்கும்.

நான் எழுந்து கழிவறைக்குப் போனேன். கை கழுவும் தொட்டிக்குக் கீழே, குழாயோடு சேர்த்து, துணி துவைக்கும் பிரஷ் ஒன்று முட்கள் மேலே பார்க்கும்படி பிளாஸ்டிக் பட்டைகளால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. இரும்புக் கடைக்காரர் வேலை, ஒற்றைக் கையால், பல்லால் இழுத்துக் கட்டியது. அதில்தான் நாள்தோறும் கையைத் தேய்த்திருக்கிறார், தோல் வெடிக்கும் வரை. நான் அந்த பிரஷைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தரை தேய்ப்பதற்கு என்று நினைத்திருந்தேன்.

கரண்டி புரிந்தது. அரைக் கிண்ணம் சோறும் புரிந்தது. குறைவாகச் சாப்பிட்டால் குறைவாகப் போக வேண்டியிருக்கும்.

திரும்பி வந்து, "ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"எங்க சொல்றது? அந்தப் பொண்ணு எதிர்லயா? நீ எழுதிக்கிட்டே இருந்த. பெட்டி தூக்கணும்னு எழுதுன. சரி, படிச்ச புள்ள, அதான் சரியான பதில் போலன்னு விட்டுட்டேன்."

அன்று படையலை நான்தான் வைத்தேன். அப்பா இலையில் சாப்பிடவில்லை.

எட்டாவது அமர்வுக்குப் போகும்போது ரயிலில் நான் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் பலவிதமாகக் கட்டிப் பார்த்தேன். எல்லாம் சுற்றி வளைத்து வந்தது. ஹுவி மின் எதிரில் உட்கார்ந்து, "பாரத்தில் ஒரு திருத்தம்" என்று தொடங்கி, "தனிப்பட்ட சுத்தம் தொடர்பாக" என்று இழுத்தேன். அப்பா வலது கையால் என் தோளைத் தட்டி நிறுத்தினார். பிறகு ஹுவி மின் பக்கம் திரும்பி, மலாயும் ஆங்கிலமும் கலந்து, சைகையோடு, நேராகச் சொன்னார். கழுவ வேண்டும். இந்தக் கையால். பிறகு இதாலேயே அந்த வலது கையையும் கழுவ வேண்டும். பிறகு அந்தக் கையால் சாப்பிட வேண்டும்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. பழைய பாரத்தை எடுத்து என் மூன்று வரிகளையும் ஒரே கோட்டில் அடித்தார். "இதுதான் உண்மையான குறிக்கோள். இப்போது எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது." பிரஷைப் பற்றிக் கேட்டதும்தான் சிரித்தார். ஒரு கைக்காரர்களுக்காக அப்படி ஒரு பிரஷை, அடியில் உறிஞ்சு ரப்பர் வைத்து, உண்மையிலேயே செய்கிறார்களாம். "அங்கிள் தானே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் மிருதுவான முள் வேண்டும்." தண்ணீர் பீய்ச்சும் கழிவறை இருக்கை ஒன்றையும் பரிந்துரைத்தார். அப்பா அரை மனதோடு சம்மதித்தார். "ரோபோ கையைத் தெறக்குது, சீட்டு கழுவி விடுது. அப்ப நான் எதுக்கு, பட்டனுக்குக் காவலா?"

அன்றைக்குத் திரையில் கோடு எழுந்தது. முதல் முறையாக. எழுந்து, நடுங்கி, அளவைத் தாண்டியது. இயந்திரம் விரல்களை விரித்தது. நான் கைதட்டப் போனேன். அப்பா, "சும்மா இரு, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரே பத்தியில் சொன்னால் எளிதாகத் தெரியும். எளிதாக இல்லை. வாரத்துக்கு மூன்று நாள். ஓர் அமர்வில் இருநூறு முறை, முந்நூறு முறை திறந்து மூடினார். மூளையில் அழிந்த பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை விழ வேண்டும், அதற்கு ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் வழி என்று ஹுவி மின் விளக்கினார். மனிதக் கை சலித்துப்போகும், இயந்திரத்துக்குச் சலிப்பில்லை. ஆனால் அது உதவும், கற்றுக்கொள்வது அப்பாவின் வேலை. வாராவாரம் அதன் உதவியைக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க அப்பாவின் நெற்றியில் வேர்வை வந்தது, அந்தக் குளிர்சாதன அறையில்.

நான் ஒரு தவறு செய்தேன். சீக்கிரம் வரட்டும் என்று வீட்டில் அவர் விரல்களை நானே இழுத்து நீட்டினேன். மணிக்கட்டு வீங்கியது. இரண்டு அமர்வுகள் போயின. "நீங்கள் இழுத்தால் அது உங்கள் பயிற்சி, அவருடையது இல்லை" என்று ஹுவி மின் கண்டித்தார். பராமரிக்கிற எல்லோருக்கும் அதை அப்படியே சொல்கிறேன்.

பன்னிரண்டாவது அமர்வில் மறுபரிசீலனை செய்து, தொடரலாம் என்றார்கள். அதன் பிறகு ரோபோவில் அரை மணி, தண்ணீர்ப் பாத்திரத்தில் அரை மணி. கையைக் குழித்துத் தண்ணீரை ஏந்த வேண்டும், மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், உட்கார்ந்தபடி கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் அந்தப் பாத்திரத்தில் இடது கையை வைத்தவர் சட்டென்று வெளியே எடுத்தார்.

"என்னப்பா? வலிக்குதா?"

"சில்லுன்னு இருக்குடா."

திரும்ப உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார். ஐந்து மாதமாக அந்தக் கைக்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

ரோபோ இடது கையை முழுதாகத் திருப்பித் தந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. சுண்டுவிரல் இன்னும் மடங்கியே இருக்கிறது. பொத்தான் போட முடியாது. பெட்டி தூக்க முடியாது, கடைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. எல்லோருக்கும் இவ்வளவுகூட வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் வீட்டு நோயாளியிடம் அந்தக் கை எதற்கு வேண்டும் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அந்த இயந்திரத்தைப் போல. அவர் முயலும்வரை அது எதையும் முந்திச் செய்வதில்லை. நான் இருபது வருஷமாக முந்திக்கொண்டே இருந்தேன்.

ஸ்ட்ரோக் வந்த ஏழாம் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், அப்பா கழிவறைக்குப் போனார். போகும்போது, "அந்த சீட்டோட பிளக்கைப் பிடுங்கி வை" என்றார். கதவை உள்ளே பூட்டினார். அதுவரை பூட்டியதில்லை, விழுந்துவிட்டால் நான் உள்ளே வர வேண்டுமே என்று.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ஏதோ கீழே விழுந்தது, ரப்பர் குழாயாக இருக்க வேண்டும். "அப்பா" என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. முன்பெல்லாம் எனக்கு நேரம் என்பது செய்து முடிக்கும் காரியங்களின் பட்டியல். அன்று அது ஒரு கதவுக்குப் பின்னால் ஓடும் தண்ணீராக இருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. அப்பா தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்தார். சோப்பை வலது உள்ளங்கையில் வைத்தார். இடது கை மெதுவாக எழுந்து வந்தது, வழி கேட்டுக் கேட்டு வருவது போல. வந்து வலது கையின் மேல் படிந்தது. புறங்கையில் தேய்த்தது. விரலிடுக்கில் நுழையப் பார்த்தது, முடியவில்லை, மறுபடி நுழைந்தது. முதலில் இடது கையை வலது கை கழுவியதா, வலது கையை இடது கை கழுவியதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நுரை இரண்டிலும் இருந்தது.

மேசையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் நான் கரண்டி வைத்திருந்தேன். அப்பா அதை எடுத்து என் தட்டில் போட்டார்.

"சோறு ஒன்னக் கடிக்காமப் பாத்துக்க" என்றார்.

பிறகு சோற்றைத் தொட்டுப் பிசைந்தார். முதல் கவளத்தை உருட்டி வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி, எழுந்து, கைத்தடி இல்லாமல் ஏழெட்டு அடி நடந்து, அம்மா படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரசம் ஊத்து. இன்னும் கொஞ்சம் சோறும் போடு."

இப்போதெல்லாம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது நான் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கிறேன். குழாயின் கீழே என் இரண்டு கைகளும் ஒன்றையொன்று தேடிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் அப்பா வரிசையில் நின்று, "என்னடா, ரோபோவுக்குக் காத்துக்கிட்டு இருக்கியா? தள்ளு" என்கிறார்.